அந்தோனியாரும் மீன்களும்: முதல் நிறக்கண்ணாடி யன்னல் செய்பவருக்கு

புனிதர் ஒருவரின் வாழ்க்கைக் காட்சியை நிறக்கண்ணாடியில் செய்ய வேண்டும் என்று மட்டக்களப்பில் யாராவது கேட்டு வந்தால், நான் முதலில் சொல்வது இதைத்தான்: முகத்தை விட்டுவிடுங்கள்.

கண்ணாடியில் முகம் என்பது சூளை வேலை. உலோக ஒக்சைட்டும் அரைத்த கண்ணாடித் தூளும் கலந்த மையால் கண், மூக்கு எல்லாம் வரைந்து, 620 முதல் 680 பாகை செல்சியஸ் வரை சுட்டால்தான் கோடு கண்ணாடியோடு கண்ணாடியாகப் பிடித்து நிற்கும். நம்மிடம் சூளை இல்லை. கடைப் பெயின்றால் வரைந்த முகம் இரண்டு கச்சான் காலம் தாண்டுவதே கஷ்டம். வெளிறும், பிறகு உரியும். மூக்கு உரிந்த புனிதரைப் பார்த்துக்கொண்டு எப்படிச் செபிப்பது?

முகம் இல்லாவிட்டாலும் கதை கெட்டுப்போகாது. பிரான்சில் உள்ள சார்த்ர் பேராலயத்தின் 13ஆம் நூற்றாண்டு யன்னல்களில் ஒரு புனிதரின் வரலாறு சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்து, பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறிப் போகும். தரையில் நிற்பவருக்கு மேல் கட்டங்களில் உள்ள முகங்கள் பிடிபடாது. கை எந்தப் பக்கம் நீளுகிறது, என்ன உடுப்பு, பக்கத்தில் என்ன பொருள் என்பதை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாகச் செய்பவருக்கும் அந்த மூன்றும் போதும்.

இந்தக் கட்டுரையில் 12 அங்குல அகலம், 18 அங்குல உயரத்தில் ஒரு பலகத்தைத் தொடக்கத்திலிருந்து யன்னலில் மாட்டும்வரை பார்ப்போம். முறை செப்புப் பட்டி முறை: ஒவ்வொரு கண்ணாடித் துண்டின் ஓரத்திலும் செப்புத் தகட்டுப் பட்டியைச் சுற்றி, துண்டுகளைச் சோல்டரால், அதாவது உருக்கி ஒட்டும் ஈயக் கலவையால், இணைப்பது. பெரிய தேவாலய யன்னல்களில் இருப்பது ஈயச் சட்டம். அதை வளைத்து, இழுத்து, இடுக்கில் புட்டி அடைத்து முடிக்கத் தனி அனுபவம் வேண்டும். இந்த அளவுக்குச் செப்புப் பட்டியே தோது.

காட்சியைத் தெரிவு செய்தல்

ஒரு புனிதரின் முழு வாழ்க்கையும் ஒரு பலகத்தில் அடங்காது. ஒரு நிகழ்ச்சி மட்டும் எடுங்கள். நான் எப்போதும் முதலில் கொடுப்பது பதுவை அந்தோனியார் மீன்களுக்குப் பிரசங்கித்த காட்சி.

அந்தோனியார் 1195இல் லிஸ்பனில் பிறந்தவர். 1231 ஜூன் 13 பதுவைக்கு அருகில் இறந்தார். ஓராண்டு நிறைவதற்குள், 1232 மே 30 அன்று, திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவரைப் பற்றிய மரபுக்கதை ஒன்று இப்படிப் போகிறது. இத்தாலியின் ரிமினி நகரத்தார் அவருடைய பேச்சைக் கேட்க மறுத்தார்கள். அவர் ஆறு கடலில் விழும் இடத்துக்குப் போய், 'நீங்களாவது கேளுங்கள்' என்று மீன்களைக் கூப்பிட்டார். சின்ன மீன்கள் கரையோரம், நடுத்தரமானவை அதற்குப் பின், பெரியவை ஆழத்தில் என்று வரிசை கட்டி, தலையை நீருக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றன. பாலமீன்மடு முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தை விளக்கத் தேவையில்லை. கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்று சொல்லும் ஊர்க்காரருக்கு மீன் பிரசங்கம் கேட்டதும் பெரிய அதிசயமாக இராது.

இந்தக் கதையில் ஒரு வசதி இருக்கிறது. அந்தோனியார் கடலைப் பார்த்து நிற்கிறார். நாம் அவருக்குப் பின்னால் நிற்கலாம். முதுகு, தொப்பியங்கி, உயர்த்திய வலது கை, உச்சி மழித்த தலை மட்டும் நமக்குத் தெரியும். மீன்கள்தான் நம்மைப் பார்த்து நிற்கும். முகப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. கிட்ட உள்ளவை சிறியவை, தூரத்தில் உள்ளவை பெரியவை என்று கதையே சொல்வதால், தூரத்து மீனைச் சிறிதாக்கும் கணக்கும் வேண்டாம். படத்தில் மேலே போகப் போக மீன் பெருக்கட்டும். கொடுவாவை மேலே வையுங்கள், மணலையை நடுவில், குஞ்சு ஓராவைக் காலடியில்.

லில்லிப் பூ, புத்தகம், குழந்தை இயேசு எல்லாம் அந்தோனியாருக்கு உரியவைதான், ஆனால் இந்தப் பலகத்தில் வேண்டாம். கபில அங்கி, இடுப்பில் மூன்று முடிச்சுப் போட்ட கயிறு, முன்னால் மீன்: இவற்றைப் பார்த்தால் எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளையும் பெயர் சொல்லும். தொடக்ககாலப் பிரான்சிஸ்கன் துறவிகளின் அங்கி சாயமிடாத சாம்பல் நிறக் கம்பளி. கபிலம் பின்னால் வந்தது. அந்த வரலாற்றுச் சரியைப் பார்த்துச் சாம்பல் நிறத்தில் செய்தால், இது யார் என்று எல்லோரும் கேட்பார்கள். கபிலத்திலேயே செய்யுங்கள்.

வேறு புனிதர் வேண்டும் என்பவர்களுக்கும் முகம் தேவைப்படாத காட்சிகள் உண்டு. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தப்பட்ட யோசேப் வாஸ், கண்டியில் வறட்சிக் காலத்தில் சிலுவையை நட்டு முழந்தாளிட்டுச் செபிக்க, மழை கொட்டியும் அவர் இருந்த இடம் நனையவில்லை என்பது மரபு. முதுகுப் பக்கமாக முழந்தாளிட்ட உருவம், சுற்றிலும் சாய்ந்த மழைக் கோடுகள். செபஸ்தியாரை மட்டும் முதல் வேலையாக எடுக்க வேண்டாம். திறந்த உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்தால் காயமும் கோடும் வேறுபாடில்லாமல் குழம்பும். அம்பு பட்டதால் அவர் சாகவில்லை, இரேனே என்ற விதவை காயம் ஆற்றிக் காப்பாற்றினார், பிறகுதான் அடித்துக் கொல்லப்பட்டார் என்பது கதை. அந்தப் பராமரிப்புக் காட்சி நல்ல படம்; இரண்டாவதோ மூன்றாவதோ பலகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு போடுதல்

12 x 18 அங்குலச் செவ்வகத்தைத் தடித்த கடதாசியில் கீறுங்கள். முன்காலத்துக் கைவினைஞர்கள் சுண்ணாம்பு பூசிய பலகையில் முழு அளவுக்கு வரைந்து, அதன் மேலேயே கண்ணாடியை வைத்து வேலை செய்தார்கள். உங்கள் கடதாசிக்கும் அதே பங்குதான். இரண்டு பிரதி வேண்டும்: ஒன்று வெட்ட, மற்றது அடியில் விரித்து அடுக்க.

கறுப்புக் கோடு என்பது துண்டுகளை இணைக்கும் சோல்டர் வரி. அது படத்தின் எலும்பும்கூட. அதனால் வடிவம் பார்த்து மட்டும் கோடு இழுக்க முடியாது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நேராக ஓடும் கோடு பலகத்தை அந்த இடத்தில் மடிய வைக்கும். கடலும் வானமும் சேரும் கோடு அப்படிப்பட்டது; எல்லோரும் அதை நேராகத்தான் இழுப்பார்கள். அந்தோனியாரின் தலையும் கையும் அதை வெட்டிக்கொண்டு மேலே போகட்டும், இரண்டு பக்கமும் கோடு வெவ்வேறு உயரத்தில் இருக்கட்டும். ஊசி முனைத் துண்டுகள் வேண்டாம், உடையும். ஒரு துண்டுக்குள் ஆழமாக வளைந்து நுழையும் வடிவமும் வேண்டாம். மழித்த உச்சியைச் சுற்றிய முடி வளையம் ஒரே துண்டாக வெட்ட வராது, மூன்றாகப் பிரியுங்கள். உயர்த்திய கை ஒரே துண்டு போதும், விரல்களைப் பிறகு கம்பியால் பிரிக்கலாம்.

மொத்தம் 40 துண்டுக்குள் நிறுத்துங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கமும் நிறமும் எழுதி, கடதாசியை வெட்டும்போது கோட்டின் தடிப்பளவு, ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக, கழித்து வெட்ட வேண்டும். அந்த இடம் பட்டிக்கு உரியது. கழிக்க மறந்தால் பலகம் ஒவ்வொரு வரிசையிலும் வளர்ந்து, சட்டத்துக்குள் போகாது.

கண்ணாடி

நிறக்கண்ணாடித் தாள் எங்கள் ஊர் ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்காது. கொழும்பிலிருந்தோ இணையத்திலோ வரவழைக்க வேண்டும். எல்லாவற்றையும் அப்படி வாங்கத் தேவையில்லை. அங்கிக்குத் தேவையான கபிலம் அலுமினியம் யன்னல் செய்யும் கடையில் கிடக்கிறது. வீட்டு யன்னல்களுக்குப் போடும் பிரோன்ஸ் நிறக் கண்ணாடியின் வெட்டுத் துண்டுகளை மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள். போய், 'தம்பி, டெம்பர்ட் வேண்டாம், சாதாரண பிரோன்ஸ் வெட்டுத் துண்டு இருக்கா' என்று கேளுங்கள். டெம்பர்ட், அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கிய கண்ணாடியில் வெட்டுக் கோடு போட்டால் முழுவதும் பொடிப் பொடியாகச் சிதறும். மூலையில் சின்ன முத்திரை பதித்திருந்தால் அதைத் தொடாதீர்கள்.

அந்தத் துண்டுகள் பெரும்பாலும் 5 மில்லிமீற்றர் தடிப்பு, நிறக்கண்ணாடி 3. அங்கி மற்றவற்றைவிடச் சற்று மேலெழுந்து நிற்கும். நிற்கட்டும், வடிவாகத்தான் இருக்கும். தடித்த கண்ணாடியில் இறுக்கமான வளைவு வெட்ட வராது என்பதால் அங்கியை நீண்ட, நேரான மடிப்புகளாகப் பிரியுங்கள்.

நீருக்குக் குளியலறை யன்னலுக்குப் போடும் அலைப் பூக்கண்ணாடி மலிவு. ஒளியை உடைத்து ஓடவிடும். வாங்குவது மீனுக்கு நீலமும் பச்சையும், மணலுக்குத் தேன் நிறம், கைக்கும் உச்சிக்கும் தோல் நிறம், முடிக்குக் கடும் கபிலம். சிவப்பையும் ரோஸையும் இந்தப் படத்தில் தவிர்த்திருக்கிறேன். தங்கமும் செலனியமும் சேர்ப்பதால் அவைதான் விலை கூடியவை.

நிறத்தைக் கடை மேசையில் வைத்துத் தெரிவு செய்யாதீர்கள். வாசலுக்கு எடுத்து வந்து வானத்துக்கு எதிரே பிடியுங்கள். கிழக்குப் பார்த்த யன்னலுக்கு என்றால், காலை வெயில் வெளிர் நிறங்களை வெள்ளையாக்கிவிடும். ஒரு படி கடுமையானதை எடுங்கள். வடக்கு யன்னலுக்கு வெளிர் நிறமும் தாங்கும்.

வெட்டுதல்

இங்கேதான் புதியவர்கள் பயப்படுவார்கள். கண்ணாடி வெட்டும் சக்கரம் உண்மையில் வெட்டுவதில்லை; மேற்பரப்பில் ஒரு கீறலைத் தொடங்குகிறது, அதை நாம் வளைத்துப் பிளக்கிறோம். இது விளங்கினால் கை நடுக்கம் பாதி போய்விடும்.

பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, கண்ணாடியின் வழவழப்பான பக்கத்தில், ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே மூச்சாக இழுங்கள். சரியான அழுத்தத்துக்குப் புதுத் துணி கிழிவது போன்ற சீரான சத்தம் கேட்கும். சத்தமே இல்லையென்றால் அழுத்தம் போதாது. கரகரவென்று தூள் பறந்தால் கூடிவிட்டது. போட்ட கோட்டின் மேல் இரண்டாம் முறை இழுக்கவே கூடாது. சக்கரம் பழுதாகும், கோடும் பிடிவாதமாக வேறு திசையில் பிளக்கும். கோடு போட்டதும் சுணங்காமல், இரண்டு பக்கமும் பெருவிரலை வைத்து வெளிப்பக்கம் வளைத்தால் 'டக்' என்று பிரியும். சின்னத் துண்டுக்குக் குறடு தேவை.

உள்வளைவை ஒரே தடவையில் எடுக்க முயலாதீர்கள். மீனின் முதுகுக்கு மேலே உள்ள நீர்த் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஆழமில்லாத வளைவு ஒன்று, அதைப் பிரித்து, இன்னும் சற்று ஆழம், அதைப் பிரித்து, இப்படி மூன்று நான்கு பிறைகளாகச் செதுக்கி உள்ளே போக வேண்டும். முதல் நாள் யன்னல் கண்ணாடிக் கழிவில் நேர்கோடும் வளைவும் மட்டும் பழகுங்கள். நிறக்கண்ணாடியைத் தொடவே வேண்டாம்.

ஓரங்களைச் சாணைக்கல்லில் தண்ணீர் ஊற்றித் தேயுங்கள். உலர்ந்தபடி தேய்த்தால் கண்ணாடித் தூள் மூச்சில் போகும். ஒவ்வொரு துண்டையும் அடிப்படத்தின் மேல் வைத்துச் சரிபார்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். மண்ணெண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பட்டி ஒட்டாது.

பட்டி சுற்றுதல்

3 மில்லிமீற்றர் கண்ணாடிக்கு 5.5 மில்லிமீற்றர் அகலப் பட்டி. 5 மில்லிமீற்றர் அங்கித் துண்டுகளுக்கு 8. கண்ணாடியின் ஓரம் பட்டியின் நடுவில் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக மடிய வேண்டும். ஒரு பக்கம் கூடினால் கோடும் அந்த இடத்தில் தடித்துக் காட்டும். மடித்த பிறகு பழைய பேனை மூடியால் அழுத்தித் தேயுங்கள்.

எங்கள் ஊரில் கவனிக்க வேண்டியது உப்புக் காற்று. செப்புப் பட்டி திறந்து கிடந்தால் சீக்கிரமே கறுக்கும். கறுத்த செப்பில் சோல்டர் ஓடாது. சுருளைக் காற்றுப் புகாத பையில் வையுங்கள், சுற்றிய துண்டுகளையும் அப்படியே. கறுத்துவிட்டால் நுண்ணிய இரும்பு நாரால் மெல்ல உரசலாம். மாரி காலத்தில் இந்த வேலையைத் தொடங்குவதைவிட, பொங்கல் கழிந்து காற்று உலரத் தொடங்கும்போது தொடங்கினால் ஜூன் 13 திருவிழாவுக்கு ஆறுதலாக முடிக்கலாம்.

சோல்டர்

ரேடியோ திருத்துபவரின் 30 வற்று அயன் போதாது. 80 அல்லது 100 வற்று, தட்டை முனை வேண்டும். சோல்டர் கம்பி 60/40, அதாவது 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம். உள்ளே பிசின் இல்லாத வெறும் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள்.

அந்த 40 பங்கு ஈயத்தை மறக்கக் கூடாது. குசினியில் செய்யாதீர்கள். சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது. யன்னலைத் திறந்து வைத்து, புகை உங்கள் முகத்துக்கு வராமல் வெளியே போகும்படி மின்விசிறியை வையுங்கள். வேலைக்கு இடையில் வெற்றிலையும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம். கை கழுவிய பிறகுதான். வேலை உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.

துண்டுகளை அடிப்படத்தின் மேல் அடுக்கி, நாலு பக்கமும் மரச் சட்டம் அடித்து அசையாமல் செய்யுங்கள். சந்திகளில் ஃப்ளக்ஸ் (சோல்டர் செப்பில் ஓடிப் பிடிக்க உதவும் பூச்சு) தடவி, ஒவ்வொரு சந்தியிலும் ஒரு சொட்டு வைத்துப் பிடிப்பியுங்கள். பிறகு கோடு முழுவதும் ஃப்ளக்ஸ் தடவி, அயனை நிதானமாக நகர்த்தினால் சோல்டர் உருண்டு திரண்டு நிற்கும். தட்டையாகப் பரவினால் இன்னும் கொஞ்சம் கம்பி கொடுங்கள். ஒரே இடத்தில் அயனை வைத்துக்கொண்டு நின்றால் கண்ணாடி வெடிக்கும். சரியாக வராத இடத்தை ஆற விட்டுத் திரும்பி வாருங்கள். முன்பக்கம் முடிந்ததும் திருப்பிப் பின்பக்கம்.

கம்பி அலங்காரம் இந்தக் கட்டத்தில் வரும். மெல்லிய செப்புக் கம்பிக்கு முதலில் சோல்டர் பூசி வெள்ளையாக்குங்கள். மீன் கண்ணுக்கு அதை ஆணியில் ஒரு சுற்றுச் சுற்றி, வாலை மீனின் ஓரக் கோடுவரை நீட்டி, அங்கே ஒட்டுங்கள். கம்பி கண்ணாடியில் ஒட்டாது, கோட்டில்தான் பிடிக்கும். செவுளுக்கும் கை விரல்களுக்கும் அதே வழி. அந்தோனியாரின் இடுப்புக் கயிற்றுக்கு இரண்டு கம்பிகளை முறுக்கி, அங்கியின் ஒரு மடிப்புக் கோட்டின் மேலேயே தொங்கவிட்டு, மூன்று இடத்தில் சோல்டரைத் திரட்டி முடிச்சாக்குங்கள். அந்த மூன்று முடிச்சு ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகள். மறைக்கல்விப் பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பார்கள், குறைத்துவிடாதீர்கள்.

சுற்று ஓரத்துக்கு யூ வடிவத் துத்தநாகச் சட்டம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வீட்டு வயரிங் கேபிளை உரித்து எடுத்த தடித்த தனிச் செப்புக் கம்பியை ஓரம் முழுவதும் வைத்துச் சோல்டர் செய்யலாம். அலுமினியத்தில் இந்தச் சோல்டர் ஒட்டாது என்பதால் அலுமினியம் சட்டத்தோடு நேரடியாக இணைக்க முயல வேண்டாம்.

முடித்த அன்றே சவர்க்காரமும் அப்பச் சோடாவும் போட்டு இரண்டு பக்கமும் கழுவுங்கள். ஃப்ளக்ஸ் தங்கினால் ஈரக் காற்றில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும். கோடு கறுப்பாக வேண்டுமென்றால், கையுறை போட்டுக்கொண்டு, அதற்கென்று விற்கும் கறுப்பாக்கும் திரவத்தைத் தடவிக் கழுவுங்கள். கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நீலம் எழும்பித் தெரியும். நான் கறுப்பாக்கத்தான் சொல்வேன்.

மாட்டுதல்

பலகத்தில் கண்ணாடி மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் வரும். கொக்கிகளை மேல் ஓரத்தில், உள்ளே போகும் கோடு ஒன்று ஓரத்தைத் தொடும் இடமாகப் பார்த்து ஒட்டுங்கள். வெறும் ஓரத்தில் ஒட்டினால் பட்டி மெல்ல மெல்லப் பிரிந்து வரும்.

இருக்கும் யன்னல் கண்ணாடியைக் கழற்றி இதை அந்த இடத்தில் போட வேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட கரை இது. மாரிக் காற்று ஆண்டுதோறும் வருகிறது. வெளிக் கண்ணாடி அப்படியே இருக்க, உட்பக்கத்தில் இரண்டு அங்குல இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். ஐரோப்பியப் பேராலயங்களிலும் பழைய நிறக்கண்ணாடிக்கு வெளியே பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று போடுகிறார்கள். இடைவெளியில் காற்று ஓடினால் ஈரம் தங்காது. சட்டத்துக்குள் பொருத்தியே ஆக வேண்டும் என்றால், வினாகிரி மணம் வரும் சிலிக்கனை வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை அரிக்கும். நியூட்ரல் என்று போட்ட சிலிக்கனைக் கேளுங்கள்.

வீட்டுக்கு என்றால் இடம் உங்கள் விருப்பம். சிற்றாலயத்துக்கு என்றால், கண்ணாடி வெட்டுவதற்கு முன்பே கடதாசிப் படத்தைப் பங்குத்தந்தையிடம் காட்டுங்கள். எந்தச் சுவர் என்பதையும் அப்போதே பேசுங்கள். ஞாயிறு காலைத் திருப்பலிக்கு ஆட்கள் கூடும் இடமானால் கிழக்குப் பக்கம். செவ்வாய் மாலை அந்தோனியார் நவநாளுக்குத்தான் கூட்டம் என்றால் மேற்கு. மீன்களில் வெளிச்சம் விழும் நேரத்தில் பார்க்க ஆள் இருக்க வேண்டுமே.

துடைப்பதற்கு உலர்ந்த மென்துணி போதும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் வினாகிரியும் கோட்டின் கறுப்பை எடுத்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, மாரி தொடங்குவதற்கு முன், கார் மெழுகை மெல்லிதாகப் பூசித் துடைத்துவிடுங்கள். கொக்கிகளையும் அப்போது ஒருக்கா இழுத்துப் பாருங்கள்.